சொல்மேகம் தவறாக வரும்போது: ஊர்க் கருத்துக்கணிப்புப் பதில்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

"உங்கள் ஊருக்கு உடனடியாகத் தேவைப்படுவது என்ன?" என்று வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பதில்களைச் சொல்மேகமாக்கி (அதிகம் வந்த சொல் பெரிதாகத் தெரியும் படமாக்கி), கிராம சபைக் கூட்டத்திலோ நூலக வாசலிலோ வைக்க முற்படும் குழுக்களுக்கு வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. கன்னியாகுமரி மாவட்டத்து ஊர்களின் பதில்களைப் படமாக்கித் தரும்போது திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டவற்றை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத தீர்வு முதலில் வரும். ஆள் வைத்துச் செய்ய வேண்டியது கடைசியில் வரும்.

## எதற்கும் முன்னால்: எண்ணிக்கைப் பட்டியல்

எந்த அறிகுறியாக இருந்தாலும், படத்தைத் தொடுவதற்கு முன் எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்னும் பட்டியலை எக்செல், லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ் ஆகியவற்றுள் ஒன்றில் திறந்து, மேலிருந்து ஐம்பது சொற்களைப் படித்துப் பாருங்கள். பட்டியல் சரியாக இருந்து படம் மட்டும் தவறாக இருந்தால் கோளாறு எழுத்துருவிலோ வரையும் மென்பொருளிலோ இருக்கிறது. பட்டியலே தவறாக இருந்தால் எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பட்டியலைத் தராமல் படத்தை மட்டும் தரும் இணையக் கருவிகளை நான் தவிர்த்துவிடுகிறேன். அவற்றில் இந்தச் சோதனையைச் செய்ய இடமில்லை.

## தமிழ்ச் சொற்களின் இடத்தில் வெற்றுக் கட்டங்கள் தெரிகின்றன

பதில்களில் கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்கள் ஒழுங்காகத் தெரிந்து, தமிழ் மட்டும் கட்டங்களாக இருந்தால் எழுத்துருவே காரணம். பைத்தான் நிரல்மொழியில் சொல்மேகம் வரைய உதவும் வேர்ட்கிளவுட் நிரலகத்தோடு இயல்பாக வரும் எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் கிடையா. கட்டணமின்றிக் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துருவை இறக்கி, அதன் கோப்பு இருக்கும் இடத்தை நிரலுக்குச் சுட்டிக்காட்டினால் போதும். விண்டோஸ் கணினியில் நிர்மலா யூஐ அல்லது லதா பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். எழுத்துருவை மாற்ற இடமளிக்காத கருவியாக இருந்தால் அதைக் கைவிட்டு வேறொன்றை எடுங்கள். இதற்கு வல்லுநர் தேவையில்லை.

## கொம்பு இடம் மாறி நிற்கிறது

எழுத்துகள் தெரிகின்றன, ஆனால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நிற்கின்றன. சோதித்துப் பார்க்கப் பேச்சிப்பாறை, கோட்டாறு, மேல்புறம், கொட்டாரம் ஆகிய நான்கு ஊர்ப்பெயர்களை மட்டும் கொடுத்து ஒரு படம் வரையுங்கள். இந்த நான்கும் சரியாக வந்தால் கொம்புகள், இணைக்கொம்பு, கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகள் எல்லாம் தேறிவிட்டன என்று கொள்ளலாம்.

தவறாக வந்தால், எழுத்துகளைக் கோத்து வரிசைப்படுத்தும் வேலையை அந்த மென்பொருள் செய்யவில்லை என்று பொருள். எளிய வழி, உலாவியிலேயே வரையும் கருவிக்கு மாறுவது. டி3 கிளவுட் நிரலை அடிப்படையாகக் கொண்ட கருவிகளில் எழுத்துக்கோப்பை உலாவியே கவனித்துக்கொள்கிறது. அடுத்தது, படங்களைக் கையாளும் பைத்தானின் பில்லோ நிரலகத்தில், எழுத்துகளைக் கோக்கும் ராக்ம் என்ற துணைநிரல் இயங்குகிறதா என்று பார்ப்பது. பில்லோவிலேயே இதற்கான சோதனைக் கட்டளை உண்டு, அது ஆம் அல்லது இல்லை என்று விடை தரும். விடை இல்லை என்று வந்தால், பெரும்பாலும் ஃபிரிபிடி என்ற உடன்கோப்பு கணினியில் இல்லாதிருக்கும். விண்டோஸில் இது அடிக்கடி நேர்கிறது. அந்தக் கோப்பை நிறுவத் தெரியாவிட்டால், நிரல் எழுதத் தெரிந்த ஒருவரிடம் "பில்லோவுக்கு ராக்மும் ஃபிரிபிடியும் வேண்டும்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும். கோளாறு இன்னதென்று தெரியாமல் கணினியைக் கடையில் கொடுத்தால் இயங்குதளத்தையே மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

## சொற்கள் உடைந்து துண்டு துண்டாக வருகின்றன

படத்தில் படக, நகரம, மரம என்பன போன்ற துண்டுகளும் க, ட, ர என்ற தனியெழுத்துகளும் பெரிதாக நிற்கும். அந்தத் துண்டுகள் படகு, நகரம், மரம் ஆகியவற்றின் எச்சங்கள்தாம். சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேர்ட்கிளவுட் பயன்படுத்தும் இயல்பான விதி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக மதிப்பதில்லை. அவை வரும் இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக வெட்டிவிடுகிறது.

மிக எளிதான தீர்வு, எண்ணும் வேலையை நிரலிடம் விடாமல் விரிதாளிலேயே செய்து, சொல்லும் எண்ணிக்கையும் கொண்ட பட்டியலை நேரடியாகக் கொடுப்பது. வேர்ட்கிளவுட் அப்படிப்பட்ட பட்டியலை ஏற்றுக்கொள்ளும். உலாவிக் கருவிகளில் வரிக்கு ஒரு சொல் என்னும் தெரிவு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டாவது வழி, அந்த விதியையே மாற்றி, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுக் குறியீடான யுனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்கள் முழுவதையும் சொல்லின் பகுதியாகக் கொள்ளும்படி எழுதுவது. இதைச் செய்யும்போது ஓர் எச்சரிக்கை: தமிழ் இடங்களை மட்டும் அனுமதித்தால், ஆங்கில எழுத்திலும் மலையாள எழுத்திலும் வந்த பதில்கள் எந்த அறிவிப்பும் இல்லாமல் மறைந்துவிடும். விளவங்கோடு பகுதியில் கேரள எல்லையை ஒட்டிய ஊர்களில் மலையாளத்தில் எழுதுவோர் உண்டு. ஆகவே விதியை மாற்றிய பின், ஒரு சொல்கூடத் தேறாத பதில்கள் எத்தனை என்று தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

## பதில்களே படிக்க முடியாத குறிகளாகத் திறக்கின்றன

### வட்டத்துக்குள் ஆர் எழுத்து நிறைய இருந்தால்

தலையில் சாய்கோடு இட்ட ஆங்கில எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தால் தரவு கெடவில்லை. எக்செல் அதைத் தவறான குறியீட்டில் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கோப்பின் மேல் இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறக்காமல், எக்செலின் டேட்டா பகுதியிலிருந்து அந்தச் சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்துச் சேமித்த அட்டவணையை) உள்ளே எடுத்து, குறியீட்டுப் பட்டியலில் 65001 என்ற எண்ணுடைய யுடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஷீட்ஸில் திறந்தாலும் சரியாகிவிடும்.

### வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால்

யாரோ அந்தக் கோப்பைப் பழைய வகைச் சிஎஸ்வியாகச் சேமித்துவிட்டார்கள், எழுத்துகள் போய்விட்டன. மென்பொருளாலும் வல்லுநராலும் அவற்றை மீட்க முடியாது, பணம் கொடுத்து முயலவும் வேண்டாம். கூகுள் படிவத்தின் மூலப் பதில்களுக்கோ காகிதப் படிவங்களுக்கோ திரும்பிச் செல்வது ஒன்றே வழி.

### ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தால்

தட்டச்சு நிலையத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்ட பதில்கள் அவை. 2010-இல் தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்று ஆணையிட்ட பிறகும், அலுவலகங்களிலும் அச்சுக்கடைகளிலும் பழைய எழுத்துருக்கள் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த எழுத்துருவில் அடித்தார்கள் என்று கேட்டறிந்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் அந்தப் பெயரைத் தேர்ந்து மாற்றுங்கள். ஒரே கோப்பில் இரண்டு எழுத்துருக்கள் கலந்திருந்தால் பத்தி பத்தியாகப் பிரித்து மாற்ற வேண்டியிருக்கும். பதில்கள் சில நூறுக்கு மேல் இருந்தால் இந்த வேலையைத் தட்டச்சு நிலையத்திடமே திருப்பிக் கொடுத்து யுனிகோடில் கேட்டு வாங்குவது மலிவு.

## ஒரே சொல் பல இடங்களில் தனித்தனியாக வருகிறது

எல்லாவற்றிலும் அதிக நேரத்தை எடுத்துக்கொள்வது இதுவே. படத்தின் முடிவையே தலைகீழாக்கக் கூடியதும் இதுவே. குடிநீர், குடிநீரை, குடிநீருக்கு, குடிதண்ணீர், தண்ணி என்று ஐந்தாகச் சிதறிய தேவை, ஒரே வடிவத்தில் மட்டும் எழுதப்படும் "பேருந்து" என்ற சொல்லுக்குக் கீழே போய்விடும். பட்டியலை அகர வரிசையில் அடுக்கிவிட்டுக் கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

முதலாவது, கண்ணுக்கு முற்றிலும் ஒன்றாகவே தெரியும் இரண்டு சொற்கள். விரிதாளில் லென் என்ற சார்பைக் கொண்டு இரண்டின் நீளத்தையும் அளந்து பாருங்கள். கொட்டாரம் என்பதன் நீளம் 9. அதில் "கொ" என்பது கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தால் 10 என்று வரும். பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும், யுனிகோடின் என்எஃப்சி எனப்படும் சீராக்கத்தைப் பதில்கள் முழுவதன் மீதும் ஓட்டினால் இது தீரும். அதன் பிறகும் நீளம் வேறுபட்டால், வாட்ஸாப்பிலிருந்தோ இணையத்திலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் இருக்கும். அவற்றை நீக்க வேண்டும். நீளமும் ஒன்றாகவே இருந்து சொற்கள் மட்டும் பிரிந்து நின்றால், "சாலை" என்பதில் காலுக்குப் பதிலாக ரகரத்தை அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். "அசௌகரியம்" என்பதை ளகரம் போட்டு அடிப்பதும் இதே வகை, ஆனால் அதில் நீளம் ஒன்று கூடும். இவற்றைச் சீராக்கம் திருத்தாது, கையால்தான் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஒற்று. "சாலைப் பணி", "சாலைக் குழி" என்று பிழையின்றி எழுதுகிறவர்களின் பதில்களால் சாலை, சாலைப், சாலைக் என்று மூன்று சொற்கள் உண்டாகின்றன. க், ச், த், ப் ஆகியவற்றில் முடியும் சொற்களை வடிகட்டி எடுத்து, கடைசி ஒற்றை நீக்கிவிட்டால் முடிந்தது. தமிழில் இந்த நான்கில் இயல்பாக முடியும் சொல் கிடையாது. ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வேற்றுமை உருபுகள். ஸ்னோபால் என்ற நிரல் தொகுப்பில் தமிழுக்கான வேர்ச்சொல் வெட்டி (உருபை வெட்டி வேரை மட்டும் தரும் நிரல்) இருக்கிறது, ஆனால் அது சில சொற்களை அளவுக்கு மீறி வெட்டிவிடும். வெட்டிய வடிவத்தைப் படத்தில் போட்டால் ஊரார் படிக்க மாட்டார்கள். சில நூறு பதில்களுக்கு நான் பரிந்துரைப்பது இரண்டு நெடுவரிசை கொண்ட மாற்றுப் பட்டியல்: இடப்பக்கம் வந்த வடிவம், வலப்பக்கம் காட்ட வேண்டிய வடிவம். அலுப்பான வேலை என்றாலும் ஒருமுறை செய்த பட்டியலை அடுத்த ஊருக்கும் பயன்படுத்தலாம்.

நான்காவது, பேச்சுவழக்கும் சேர்த்தெழுதுவதும். கடலரிப்பு என்றும் கடல் அரிப்பு என்றும் எழுதுவார்கள். மரவள்ளிக்கிழங்கை மரச்சீனி என்றும் கப்பைக்கிழங்கு என்றும் எழுதுவார்கள். முந்திரி ஆலை என்று ஒருவர் எழுதினால், அங்கே வேலை பார்க்கும் பெண்கள் அண்டி ஆபீஸ் என்றே எழுதுவார்கள். எந்த வடிவத்தைக் காட்டுவது என்பதில் ஊராரின் சொல்லை முன்னிறுத்துவதே முறை. தட்டியைப் படிக்கப் போகிறவர்கள் அவர்கள்தாம்.

ஐந்தாவது, வேர்ட்கிளவுட்டில் சொல்லிணைகளைச் சேர்த்தெண்ணும் அமைப்பு இயல்பாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அதனாலும் ஒரு சொல் தனியாகவும் இணையாகவும் இருமுறை வரும். தேவையில்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

பதில்கள் பல ஆயிரம் இருந்து, அவை நீண்ட வாக்கியங்களாகவும் இருந்தால் கையால் பட்டியலிடுவது இயலாது. தமிழ்க் கணிமையில் பழகிய ஒருவரை அமர்த்தும் கட்டம் அதுவே. அப்போதும் மாற்றுப் பட்டியலின் முதல் இருநூறு வரிகளை உங்கள் ஊர்க்காரர் ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

## "வேண்டும்" என்ற சொல்லே படத்தை நிறைத்து நிற்கிறது

தேவையைக் கேட்டால் எல்லாரும் "வேண்டும்" என்றுதான் முடிப்பார்கள். வேண்டும், எங்கள், ஊரில், ஒரு, மிகவும், என்று ஆகியவற்றை விலக்குப் பட்டியலில் சேருங்கள். நீங்கள் கேட்ட கேள்வியில் இருந்த சொற்களையும் சேருங்கள், "சாலை வசதி எப்படி இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு "வசதி" பெரிதாக வந்ததைக் கண்டுபிடிப்பாகக் காட்ட முடியாது.

"இல்லை" என்பதை மட்டும் யோசித்து விலக்குங்கள். குறையை மட்டும் கேட்ட கேள்வியென்றால் விலக்கலாம். கருத்தைக் கேட்ட கேள்வியென்றால், "மருத்துவர் இல்லை" என்றவரும் "மருத்துவர் நன்றாகப் பார்க்கிறார்" என்றவரும் ஒரே "மருத்துவர்" என்பதற்குள் அடங்கிவிடுவார்கள். அத்தகைய பதில்களை முதலில் குறை, நிறை என்று இரண்டாகப் பிரித்து இரண்டு மேகங்கள் வரையுங்கள். பிரிக்க முடியாத நிலையில் சொல்மேகத்தை விட்டுவிடுவது நல்லது.

## கோரிக்கை ஒன்று இரண்டாகப் பிரிந்து பொருளிழந்து நிற்கிறது

கடலோர ஊர்களின் பதில்களில் இது தவறாமல் வரும். அலையிலிருந்து கரையைக் காக்கத் தூண்டில் வளைவு கேட்டிருப்பார்கள். படத்தில் "தூண்டில்" ஒரு மூலையிலும் "வளைவு" இன்னொரு மூலையிலும் கிடக்கும். தூண்டில் என்றால் மீன்பிடிக் கருவி, வளைவு என்றால் சாலைத் திருப்பம் என்று வெளியூர் அலுவலர் எடுத்துக்கொள்வார். நான்கு வழிச்சாலை, ஆரம்ப சுகாதார நிலையம், கன்னிப்பூ சாகுபடி (நெல் போகம் ஒன்றின் பெயர்) ஆகியவையும் இவ்வாறே சிதறும். எண்ணத் தொடங்கும் முன் இத்தகைய தொடர்களைத் தேடி, இடைவெளிக்குப் பதிலாக அடிக்கோடிட்டு ஒன்றாக்குங்கள். வரைவதற்கு முன் அடிக்கோட்டை மீண்டும் இடைவெளியாக்கலாம். எந்தத் தொடர்களைச் சேர்ப்பது என்பதைப் பதில்களில் ஐம்பதையாவது முழுமையாகப் படித்த பிறகே முடிவு செய்ய முடியும்.

## சொல் சரியாக இருக்கிறது, பார்ப்பவர் வேறாகப் புரிந்துகொள்கிறார்

குமரி மேற்கில் "வெள்ளம் வரல்ல" என்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பொருள். 2021 நவம்பர் மழையில் பெருவெள்ளத்தைக் கண்ட மாவட்டம் இது. எனவே படத்தில் பெரிதாக நிற்கும் "வெள்ளம்" எதைக் குறிக்கிறது என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. "சானல்" என்பதும் அப்படியே: தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று பாசனக் கால்வாயைத்தான் விவசாயிகள் சொல்கிறார்கள், நகரத்துப் பதில்களில் அது தொலைக்காட்சியாக இருக்கலாம்.

இங்கே சோதனை ஒன்றுதான்: ஐயத்துக்குரிய சொல் வரும் பதில்களை வடிகட்டி எடுத்து முழுமையாகப் படிப்பது. பொருள் இரண்டாக இருந்தால் சொல்லையும் இரண்டாக்குங்கள். "வெள்ளம் (குடிக்க)", "மழைவெள்ளம்" என்று காட்டலாம். ஊரார் சொல்லை அகற்றிவிட்டு "குடிநீர்" என்று போடுவது எளிது என்றாலும், எழுதியவர் தம் பதிலைப் படத்தில் அடையாளம் காண முடியாமல் போகும்.

## பட்டியலில் முதலிடத்தில் உள்ள சொல் படத்தில் காணோம்

டி3 வகைக் கருவிகள், ஒரு சொல் கட்டத்துக்குள் அடங்காவிட்டால் எந்த எச்சரிக்கையும் இன்றி அதை விட்டுவிடுகின்றன. மிகப் பெரிதாக வர வேண்டிய சொல்லுக்கே இது நேரும். "குப்பைத்தொட்டி" போன்ற நீண்ட சொல்லாக இருந்தால் வாய்ப்பு அதிகம். எழுத்தின் உச்ச அளவைக் குறைத்து, படப்பரப்பைக் கூட்டி, மீண்டும் வரையுங்கள். பிறகு பட்டியலின் முதல் இருபது சொற்களையும் படத்தில் ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்த பின்னரே அச்சுக்கு அனுப்புங்கள். வேர்ட்கிளவுட்டில் இயல்பான உச்ச வரம்பு 200 சொற்கள். அதற்கு மேல் உள்ளவை விடுபடும், அதனால் பெரிய இழப்பில்லை.

## படம் சரி, ஆனால் ஊரின் நிலை அப்படியில்லை என்கிறார்கள்

எண்ணியது ஆட்களையா, சொற்களையா என்று முதலில் பாருங்கள். ஒருவரே ஒரு பதிலில் ஐந்து முறை "தெருவிளக்கு" என்று எழுதினால் ஐந்து பேர் கேட்டதாக ஆகிவிடும். ஒரு பதிலில் ஒரு சொல்லை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள். அடுத்து, வாட்ஸாப் குழுவில் சுற்றிய ஒரே வாசகத்தைப் பலர் ஒட்டி அனுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள். எழுத்து மாறாமல் ஒன்றாக உள்ள பதில்களை வடிகட்டினால் தெரிந்துவிடும். அவற்றை நீக்குவதா வேண்டாமா என்பது குழு முடிவு செய்ய வேண்டியது, ஏனெனில் ஒட்டி அனுப்பியவரும் அந்தக் கோரிக்கையை ஏற்றவர்தாம்.

மூன்றாவது காரணம், ஊர்களைக் கலப்பது. நாகர்கோவில் மாநகராட்சியின் வார்டுகளிலிருந்து வந்த பெருந்திரளான பதில்களோடு பேச்சிப்பாறை மலைப்பகுதியின் சில பதில்களைச் சேர்த்து ஒரே மேகம் வரைந்தால் மலைப்பகுதி மறைந்துவிடும். வட்டம் வாரியாக அல்லது கடற்கரை, சமவெளி, மலை என்று பிரித்துத் தனித்தனியாக வரையுங்கள்.

நான்காவது, அளவு தரும் மயக்கம். ஒரே எண்ணிக்கை கொண்ட சொற்களுள் நீளமானது கண்ணுக்குப் பெரிதாகவே தெரியும். வேர்ட்கிளவுட்டின் இயல்பான அமைப்பில் எண்ணிக்கையோடு தரவரிசையும் சேர்ந்தே எழுத்தளவைத் தீர்மானிப்பதால், இருமடங்கு எண்ணிக்கை இருமடங்கு அளவாக வராது. அதனால் படத்துக்குப் பக்கத்தில் முதல் பத்துச் சொற்களை எண்ணிக்கையோடு பட்டைப்படமாக வைப்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. இந்தப் பதில்களைக் கொண்டு நிதி ஒதுக்கும் முன்னுரிமையை முடிவு செய்யப் போகிறார்கள் என்றால், யாரிடம் கேட்கப்பட்டது, யார் விடுபட்டார்கள் என்பதைப் பார்க்கத் தெரிந்த புள்ளியியலாளரை அழைக்க வேண்டும்.

## தட்டியில் மங்கலாக அச்சாகிறது

வேர்ட்கிளவுட்டின் இயல்பான படம் அகலத்தில் 400, உயரத்தில் 200 படப்புள்ளிகள் மட்டுமே. ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தாலும் 5184-க்கு 3456 வேண்டும். அந்த அளவில் வரைந்து பிஎன்ஜி கோப்பாகவே கொடுங்கள். திருத்தக்கூடிய கோப்பாகக் கொடுத்தால், அச்சுக்கடைக்காரரின் கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருள் பழைய பதிப்பாக இருந்து கொம்புகளை மீண்டும் இடம் மாற்றிவிடக்கூடும். சொற்களை எல்லாம் கிடையாகவே வையுங்கள். செங்குத்தான தமிழை நின்று படிப்பவர் குறைவு. நிறங்கள் தற்செயலாக வருபவை என்பதால், பொருள் தேடுவதைத் தவிர்க்க ஒன்றிரண்டு நிறங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## ஆள்பெயர் படத்தில் வந்துவிட்டது

சிறிய ஊரில் இது வேடிக்கையல்ல. ஒரு வார்டு உறுப்பினரின் பெயரோ கடைப்பெயரோ வீட்டுப்பெயரோ பெரிதாக வந்தால், எழுதியவர் யாரென்று தெருவே ஊகித்துவிடும். பட்டியல் நிலையிலேயே பெயர்களை நீக்குங்கள். மூன்று பேருக்குக் குறைவாகச் சொன்ன சொற்களையும் நீக்கினால் பெரும்பாலானவை தாமாகவே போய்விடும். பெயர் குறிப்பிட்டு வந்த முறையீடுகளைத் தனித்தாளில் எடுத்து, கணிப்பை நடத்திய குழுவின் பொறுப்பாளரிடம் மட்டும் கொடுங்கள். கையூட்டு, வன்முறை, குழந்தைகள் தொடர்பான முறையீடு ஏதேனும் அவற்றில் இருந்தால், படம் வரைபவர் அதைக் கையில் வைத்திருக்காமல் அன்றே வழக்கறிஞர் ஒருவரின் ஆலோசனையோடு உரிய அலுவலகத்துக்குச் சேர்ப்பிக்க வேண்டும்.